கடலோரப் பிள்ளைக்குத் திரையில் கடலா?

சமீப காலமாக நமது பள்ளிக்கூடங்களில் "மெய்நிகர் களப்பயணம்" என்பதாக ஒரு புதுமுறை பேசப்பட்டும், சில இடங்களில் நடத்தப்பட்டும் வருகிறது. அதாவது பிள்ளைகள் வகுப்பறையை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்து கொண்டே, சுவரிலுள்ள திரையிலோ கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவியிலோ தூரதேசத்து மலையையும், காட்டையும், காட்சிச்சாலையையும், கடலின் அடியையும் பார்த்துவிட்டு "வருவது" என்பதாகும். இதை நாம் ஆதரிக்கிறோமா, எதிர்க்கிறோமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நம்மால் முடியாது. யாருக்காக, எதற்காக, எதற்குப் பதிலாக என்கின்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்ட பிறகே இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முடியும்.

முதலாவதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புது யந்திரம் ஒன்று வந்தவுடனே "போச்சு, போச்சு, எல்லாம் கெட்டுப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்கள் அல்ல. ரயில் வந்தபோது அதில் ஏறினால் ஆசாரம் போய்விடும் என்றார்கள். அச்சு வந்தபோது கண்டவனும் படிப்பானே என்றார்கள். குழாயில் தண்ணீர் வந்தபோது அது தீட்டு என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே பிறகு ரயிலில் முதலிடம் பிடித்தார்கள், அச்சில் பஞ்சாங்கம் போட்டார்கள், குழாயடியில் குடம் வைத்தார்கள். ஆகவே கருவியின் பேரில் நமக்கு விரோதமில்லை. தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியதையும், அரசுப் பள்ளிகளுக்குக் கணினிக் கூடங்களும் திரைகளும் வந்திருப்பதையும் நாம் நல்ல காரியங்கள் என்றே கருதுகிறோம். பட்டணத்துப் பணக்காரப் பள்ளிக்கு மாத்திரம் உரிமையாயிருந்த ஒன்று கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைப்பதை எந்த மனிதத் தன்மையுள்ளவன் வேண்டாமென்பான்?

நிற்க, இந்தச் சங்கதியை ஆகாயத்தில் வைத்துப் பேசாமல் ஓர் ஊரில் வைத்துப் பேசுவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில், கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில் வாலிநோக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மீன்பிடிப்பதும், கடற்பாசி எடுப்பதும், உப்பள வேலையும் அந்தப் பக்கத்து ஏழை மக்களுக்குப் பிழைப்பு. தமிழ்நாடு அரசாங்கம் 1974-இல் ஏற்படுத்திய உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் என்னும் இந்தப் பகுதியில்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் பரந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் பழைய கப்பல்களைக் கொண்டுவந்து உடைத்த கரையும் அதுவே. இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் திரை, முதுகுக்குப் பின்னால் கடல். திரையில் ஓடுகிற படத்தின் பெயரும் "கடல்". இந்தக் காட்சி அறிவுடைமைதானா என்பதே நம்முடைய கேள்வி.

திரையினால் இந்தப் பிள்ளைக்கு ஆகக்கூடிய நன்மையை முதலில் யோக்கியமாக ஒப்புக்கொள்வோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அரசாங்கம் அறிவித்தது. முள்ளி, தலையாரி, அப்பா முதலிய தீவுகள் கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை. நினைத்தவர் நினைத்தபோது இவற்றில் கால் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஏனெனில் அங்கேயுள்ள பவளப்பாறை என்பது பாறையல்ல. அது மிகச் சிறிய பிராணிகள் கூட்டங்கூட்டமாய் வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அதன் மேல் நடக்கவிட்டால் பாடம் முடிவதற்குள் பாறையும் முடிந்துவிடும். தண்ணீரின் சூடு அளவுக்கு மேல் போனால் இந்தப் பவளம் வெளுத்துச் சாகிறது. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்தது. இதையெல்லாம் பாறைக்குத் தீங்கில்லாமல் பிள்ளைகளுக்குக் காட்டத் திரையைவிட நல்ல சாதனம் வேறில்லை.

இன்னும் ஒன்று. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததே அதற்கு முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். மூழ்கிப்போன தீவுக்கு எந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது? அதற்குப் படம் ஒன்றுதான் வழி. ஆகவே போகக்கூடாத இடம், போகமுடியாத தூரம், இல்லாமற் போன பொருள் ஆகிய இந்த மூன்றுக்கும் திரைப் பயணம் வேண்டியதே என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. நடக்க முடியாத பிள்ளைக்கும் நோயுற்ற பிள்ளைக்கும்கூட இது ஒரு கை கொடுப்பதாகும்.

ஆனால் இந்த மூன்றையும் தாண்டி, நடந்து போகக்கூடிய இடத்துக்கும் இது பதிலாக வரும்போதுதான் தகராறு தொடங்குகிறது. "மெய்நிகர்" என்ற வார்த்தையையே பாருங்கள். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்கூட. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐந்து பொறிகளை நம் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே படிக்கிறார்கள். இந்தப் பயணத்தில் கண் போகிறது, செவி போகிறது. வாயும் மூக்கும் வீட்டிலேயே இருக்கின்றன. மெய்யோ இடத்தை விட்டு அசைவதே இல்லை. மெய் போகாத பயணத்துக்கு மெய்நிகர் என்று பெயர் வைத்தவர் யாரோ, பெரிய கெட்டிக்காரர்தான். நிகர் என்பது மெய்யல்ல என்று அந்தப் பெயரே ஒப்புக்கொள்ளுகிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

உப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் இருக்கின்றன என்று புத்தகம் சொல்லுகிறது. திரையும் அழகான எழுத்தில் அதையே சொல்லும். ஆனால் வாலிநோக்கத்துப் பிள்ளை ஒரு லிட்டர் கடல் நீரை ஒரு தட்டில் ஊற்றி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, வற்றிய பிறகு மிஞ்சியதைத் தராசில் போட்டுப் பார்த்தால் அது வேறு அறிவு. உப்பளத்துக்கு நடந்து போனால் இன்னும் எவ்வளவோ தெரியும். கடல் நீரில் போமே மானியை மிதக்கவிட்டால் சுமார் 3 டிகிரி காட்டும். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி வெயிலில் வற்றவைத்துச் சுமார் 25 டிகிரி வரும்போதுதான் உப்புப் பூக்கத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். கடைசியில் மிஞ்சுகிற நீரை வெளியே விடாவிட்டால் மெக்னீசிய உப்புக்கள் கலந்து கசக்கும். இது இரசாயனப் பாடமா, பூகோளப் பாடமா, கணக்குப் பாடமா? எல்லாம்தான். இதற்கு மேல் அங்கே இன்னொரு பாடமும் உண்டு. உச்சி வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் கூச வைப்பதும், பாத்தியில் நின்று உப்பு வாருகிற பெண்ணின் பாதம் வெடித்திருப்பதும் எந்தத் திரையிலும் சுடாது. ஒரு பிடி உப்புக்குப் பின்னால் யாருடைய கால் இருக்கிறது என்று தெரியாத படிப்பு என்ன படிப்பு?

இனி, "யாருக்காக" என்கின்ற கேள்விக்கு வருவோம். பணம் வாங்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை ஊட்டிக்கும், டெல்லிக்கும், சில இடங்களில் சிங்கப்பூருக்கும்கூட அழைத்துக்கொண்டு போகிறார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பஸ்ஸுக்குப் பணமில்லை, பொறுப்பு ஏற்க ஆளில்லை, மேலே அனுமதி வர நாளாகும் என்று சொல்லித் திரையைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடுகிறது. அதாவது பணக்காரன் பிள்ளைக்குப் பயணம், ஏழை பிள்ளைக்குப் படம். "உனக்கும் காட்டிவிட்டோமே, இன்னும் என்ன?" என்று வாயை அடைக்கவும் இது வசதியாகிவிடுகிறது. கோயிலுக்குள்ளே போகக்கூடாது, வெளியே நின்று கோபுரத்தைப் பார், அதுவே போதும் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்க்கும் உரிமை வேறு, போகும் உரிமை வேறு. முன்னதைக் கொடுத்துப் பின்னதைப் பிடுங்குவதை நாம் சமத்துவம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். பருவம் வந்த பெண்ணை வெளியூருக்கு அனுப்புவதா என்று தயங்கும் வீடுகள் இன்றும் நம் நாட்டில் குறைவல்ல. பள்ளிக்கூடப் பயணம் ஒன்றுதான் அந்தப் பெண் தன் வயதுத் தோழிகளோடு, தகப்பன் துணையோ, அண்ணன் காவலோ இல்லாமல், ஊர் எல்லையைத் தாண்டிப் பார்க்கக் கிடைத்த ஒரு சந்தர்ப்பம். அதையும் திரைக்குள் அடைத்துவிட்டால் "வகுப்பிலேயே எல்லாம் காட்டுகிறார்களாம், நீ எதற்குப் போக வேண்டும்?" என்று கேட்பதற்கு வீட்டாருக்கு ஒரு நல்ல சாக்கு அகப்பட்டுவிடும். பழைய அடுப்பங்கரைச் சுவரைப் புதிய வெளிச்சத்தால் மெழுகிவிட்டால் அது சுவர் இல்லாமற் போய்விடாது.

இந்தக் கரையிலேயே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில் 1940-களின் தொடக்கத்தில் சிவசுப்பிரமணிய அய்யர் என்று ஓர் உபாத்தியாயர் இருந்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. உடனே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டுபோய், பறவை சிறகடிப்பதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான அப்துல் கலாம், தாம் விமானத்தையும் ராக்கெட்டையும் படிக்கப் போனதற்கு விதை அந்த ஒரு நாள் பாடந்தான் என்று பிற்காலத்தில் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

இதே உபாத்தியாயர்தான் அந்த முஸ்லிம் சிறுவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தவர். ஆசாரமான அவர் மனைவி தம் சமையலறையில் அவனுக்குப் பரிமாற மாட்டேன் என்றபோது, அவரே தம் கையால் பரிமாறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் அதே அம்மையார் அவனை உள்ளே அழைத்துத் தம் கையாலேயே பரிமாறினார் என்று கலாம் தமது சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு சங்கதிகளையும் நாம் சேர்த்துச் சொல்லுவதற்குக் காரணமுண்டு. கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற துணிவும், சமையலறைக் கதவைத் திறக்கிற துணிவும் ஒரே மனிதரிடத்தில்தான் இருந்தன. வெளியே போனால்தான் மேல் தெருப் பிள்ளையும் கீழ்த் தெருப் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் நெருங்கி உட்காரும், ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்னும், ஒரே தண்ணீரைக் குடிக்கும். வகுப்பில் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதில் இந்தச் சம்பந்தம் ஏற்பட வழியே இல்லை.

அடுத்தபடியாக, காட்டுகிறவன் யார் என்கின்ற கேள்வி இருக்கிறது. இந்த முறை புதிது என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1902-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு இலாகா, படங்களின் மூலம் கல்வி கொடுக்க என்று ஒரு கமிட்டி போட்டது. விளக்கு வைத்துச் சுவரில் விழச்செய்யும் கண்ணாடிப் படங்களைத் தயாரித்து, இங்கிலாந்தின் பெருமையைக் குடியேற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கும், குடியேற்ற நாடுகளின் காட்சியை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் காட்டுவது அதன் வேலை. படங்கள் நல்ல படங்கள்தாம். ஆனால் ஆண்டவனே படம் எடுத்தான், ஆண்டவனே பாடமும் எழுதினான். ஆளப்பட்டவன் இருட்டில் உட்கார்ந்து பார்த்தான். (ஆண்டவன் என்று நாம் சொல்லுவது ஆட்சி செய்தவனை. பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) சாம்ராஜ்யம் பெரியது, நல்லது என்பதே அந்தப் பயணத்தின் முடிவு. பயணம் தொடங்குமுன்பே அந்த முடிவு எழுதப்பட்டிருந்தது.

நமது கரையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவுக்கும் மன்னார் தீவுக்கும் நடுவேயுள்ள மணல் திட்டுக்களை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, 2002-ஆம் ஆண்டில் "பார், ராமன் கட்டிய பாலம், அமெரிக்க விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று உலகெங்கும் பரப்பினார்கள். படம் எடுத்த நாசா என்ற ஸ்தாபனமோ, இப்படிப்பட்ட படத்தைக் கொண்டு அந்தத் திட்டுக்களின் வயதையோ, அவை உண்டான விதத்தையோ, மனிதன் கட்டினானா என்பதையோ சொல்ல முடியாது என்று தெரிவித்தது. படம் பொய் சொல்லவில்லை. படத்தின் கீழே எழுதினவன்தான் சொன்னான். ஏட்டில் எழுதியிருக்கிறது, ஆகையால் நம்பு என்பது பழைய மூடநம்பிக்கை. திரையில் தெரிகிறது, ஆகையால் நம்பு என்பது புதிய மூடநம்பிக்கை. ஏட்டுக்குப் பதில் திரை வந்ததனால் மாத்திரம் பகுத்தறிவு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. இது யார் எடுத்த படம், எப்போது எடுத்தது, எதைக் காட்டாமல் விட்டது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால்தான் அது கல்வி.

அன்றியும், கண்ணை இரவல் வாங்குவதிலுள்ள ஆபத்தையும் மறக்கக்கூடாது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஒரு வருஷ காலம் அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் உதவியால் இந்தியாவின் ஆறு மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டப்பட்டது. மிக நல்ல முயற்சி. ஆனால் தவணை முடிந்ததும் கோள் போய்விட்டது. அதே போல் கூகிள் கம்பெனி அட்டையில் செய்த கண்ணாடியை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே "எக்ஸ்பெடிஷன்ஸ்" என்னும் திரைப் பயணத்தை 2015-இல் வெளியிட்டு, உலக முழுவதும் பரப்பி, 2021 ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டது. கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், கேட்க நமக்கு உரிமை ஏது? கடலை அப்படி யாரும் நிறுத்த முடியாது. வாலிநோக்கத்துக் கடலுக்குத் தவணையும் இல்லை, சந்தாவும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். குறை சொல்லிவிட்டு ஓடிப்போவது நம்முடைய வழக்கமல்ல. ஆதலால் நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம்.

ஒரு நாளில் போய்வரக்கூடிய இடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் திரையில் மாத்திரம் காட்டி முடித்துவிடக் கூடாது. முதலில் கால், பிறகு திரை என்பதே முறையாக இருக்க வேண்டும். பயணச் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்க வேண்டும். பணம் கொடுத்த பிள்ளை பஸ்ஸில், கொடுக்காத பிள்ளை வகுப்பில் என்ற அவமானம் ஒரு பிள்ளைக்கும் நேரக்கூடாது. பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பயணத்துக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது.

இரண்டாவதாக, பாடம் சொல்லத் தகுதியுள்ளவர்கள் பட்டம் பெற்றவர்கள் மாத்திரம் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கரையில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி பறிப்பவர்கள். எந்தப் பாறையில் எது முளைக்கும், எப்போது பறித்தால் மறுபடியும் தளிர்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்ற பொருளில்தான் உலகத்துச் சோதனைச்சாலைகளில் கிருமிகளை வளர்த்து ஆராய்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துப் பாசித் தொழிலாளியான லட்சுமி மூர்த்திக்கு, கடலைக் காப்பாற்றப் பாடுபட்டதற்காக 2015-ஆம் ஆண்டில் சீகாலஜி என்ற அமெரிக்க ஸ்தாபனம் பரிசு கொடுத்தது. உலகம் ஒப்புக்கொண்ட அறிவை உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்ள என்ன தடை? இப்பெண்களையும், உப்பளத் தொழிலாளிகளையும், மீன் பிடிப்பவர்களையும் வகுப்புக்கு அழைத்து, அன்றையக் கூலிக்குக் குறையாமல் சன்மானம் கொடுத்து, பாடம் சொல்லச் செய்ய வேண்டும். தன் தாய் தன் வகுப்பில் உபாத்தியாயராக நிற்பதைக் காணும் பிள்ளை, அதன் பிறகு தன் வீட்டுத் தொழிலைச் சொல்ல வெட்கப்படாது.

மூன்றாவதாக, திரையைத் திருப்பி வைக்க வேண்டும். இதுவரையில் வாலிநோக்கத்துப் பிள்ளை பார்க்கும் பிள்ளையாகவே இருந்து வருகிறது. இனி அது காட்டும் பிள்ளையாகவும் ஆகட்டும். கொடைக்கானல் மலையிலும், தர்மபுரியிலும் கடலையே காணாத பிள்ளைகள் எத்தனையோ பேர் உண்டு. உப்புப் பூப்பதையும், வலை இழுப்பதையும், பாசி காய்வதையும் இந்தப் பிள்ளைகளே படம் எடுத்து, தங்கள் வாயாலேயே விளக்கி அனுப்பட்டும். மலைப் பிள்ளைகள் தங்கள் காட்டையும் விளைச்சலையும் பதிலுக்கு அனுப்பட்டும். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பிள்ளைகள் இங்கேயும், இந்தப் பிள்ளைகள் அங்கேயும் போய்த் தாங்கள் படத்தில் கண்டது மெய்தானா என்று சோதித்துப் பார்க்கட்டும். அப்பொழுது திரைப் பயணம் மெய்ப் பயணத்துக்குச் சத்துருவாக இராது. அதற்கு முன்னால் போகிற தூதுவனாக இருக்கும்.

முடிவாக, பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறோம். உங்கள் பள்ளிக்குத் திரை வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். அதைத் துடைத்து வையுங்கள், நன்றாய்ப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தத் திரை வந்த வருஷத்திலிருந்து பிள்ளைகள் வாசற்படி தாண்டிய நாட்கள் கூடினவா, குறைந்தனவா என்று ஒரு கணக்கும் எழுதி வையுங்கள். கூடியிருந்தால் அது கல்விச் சாதனம். குறைந்திருந்தால் அது ஜன்னலை அடைத்து அதன் மேல் எழுதிய ஜன்னல் படம். வாலிநோக்கத்துப் பிள்ளையை ஒரு முறை எழுப்பி, கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் அங்கேயேதான் இருக்கிறது.